உரையில்லா மூலம்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் மடிக்கணினியின் வலையமைப்பு அட்டையைப் பற்றி எழுதப் புகுந்தால், "நன்னூலுக்கு விளக்கஞ் சொல்வதை விட்டு இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று நண்பர்கள் கேட்பது இயல்பே. எங்கள் ஆசிரியர் அறையில் அப்படித்தான் கேட்டார்கள். அன்று நான் சிரித்துவிட்டு வாளாவிருந்தேன். சொல்ல வேண்டிய விடை தேநீர் ஆறுமுன் சொல்லி முடிக்கக்கூடியதன்று. ஆகவே அதனை இங்கே எழுதுகிறேன்.

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, தள்ளாடியிலே தெற்கு நோக்கித் திரும்பிக் கரையோரமாகச் சென்றால் வங்காலை வரும். ஒரு புறம் கடல். மறு புறம் மாரியில் நீர் நிறைந்து கோடையில் உப்புப் பூக்கும் தரவை. 2008ஆம் ஆண்டில் அத்தரவை பறவைகள் சரணாலயமாயிற்று. 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வடபுலத்து வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் காலத்தில் அவற்றைப் படம்பிடிக்கப் பிறநாட்டாரும் வருவர். ஊர் மக்களிற் பெரும்பாலார் கடற்றொழிலர். நான் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவனுடைய தாய்மாமன் பிறநாட்டிலே வாழ்கிறார். அவர் தாம் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி ஒன்றை ஊருக்கு வந்தவர் ஒருவர் வழியாக அனுப்பியிருந்தார். அனுப்புமுன் வட்டிலிருந்தவற்றை முற்றாக அழித்துவிட்டார். இங்கே தோழன் ஒருவன் தன் கைவசமிருந்த டெபியன் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் பழைய பதிப்பொன்றை அதில் நிறுவிக் கொடுத்தான். கணினி திறந்தது, தமிழ் எழுதியது, படங் காட்டியது. கம்பியில்லா இணையத்தை மட்டும் அறியவில்லை. அதே மேசையில் இருந்த கைப்பேசி ஐந்தாறு வலையமைப்புகளின் பெயரைக் காட்டியபோது இது ஒன்றையேனும் காட்டவில்லை.

நகரத்துக் கடை ஒன்றிற் கொண்டுபோய்க் காட்டினார்கள். கடைக்காரர் கருவியைத் திறந்து பாராமலே தீர்ப்புச் சொன்னார்: "உந்த லினக்ஸ் சரிவராது தம்பி. விண்டோஸ் போடவேணும், இல்லாட்டி அட்டை மாத்தவேணும்." இரண்டுக்கும் தனித்தனி விலையும் சொன்னார். அவர் போட நினைத்த விண்டோஸ் முறையாக வாங்கப்பட்ட படியன்று என்பது அவர் சொன்ன விலையிலேயே தெரிந்தது. வீட்டிலே தந்தையாரின் கணக்கு வேறு. இணையம் பிடியாத கணினியை விற்றால் கிழிந்த வலைக்குப் பதிலாக ஒரு துண்டு வலையாவது வாங்கலாம் என்பது அவர் எண்ணம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வலை வீட்டுக்குச் சோறு போடுவது. இந்த வலையோ இன்னும் ஒன்றும் பிடிக்கவில்லை.

இந்த நிலையிலேதான் பையன் என்னிடம் வந்தான். "பண்டிதர் ஐயா, நீங்களும் லினக்ஸ்தானே பாவிக்கிறியள்?" என்றான். ஆம், பத்தாண்டாகப் பாடக்குறிப்புகளை அதிலேதான் தட்டச்சிடுகிறேன். அதற்காக நான் கணினி கற்றவனாகிவிட மாட்டேன். கீழைத்தேயக் கல்லூரியிலே தொல்காப்பியமும் நன்னூலும் படித்துப் பண்டிதன் ஆனவன். ஆயினும் அவன் கொண்டுவந்த கொப்பியைப் பார்த்தவுடன் எனக்கு அந்தப் படிப்பே நினைவுக்கு வந்தது.

கொப்பியிலே பதினொரு கட்டளைகள் எழுதியிருந்தான். ஒன்று தோழன் சொன்னது. மற்றொன்று யாரோ எங்கோ எழுதியதைப் பார்த்துப் படியெடுத்தது. வேறொன்று எவர் சொன்னதென்று அவனுக்கே மறந்துபோயிற்று. எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பார்த்திருக்கிறான். ஒன்றன் பொருளும் அவனுக்குத் தெரியாது. அவற்றுள் இரண்டு முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் அட்டைக்கு உரியவை என்பதைப் பின்னர்க் கண்டோம். மருத்துவரிடம் போகாமல், ஊரிலுள்ளோர் எல்லாரும் எஞ்சவிட்ட குளிசைகளை வாங்கி விழுங்கியது போன்ற செயல் அது.

"கணினி என்ன சொல்லுகிறது தம்பி?" என்று கேட்டேன். "ஒன்றுஞ் சொல்லேல்லை ஐயா, நெற் வேலை செய்யேல்லை" என்றான்.

இந்த விடையிலேதான் என் கட்டுரையின் கரு இருக்கிறது. "நெற் வேலை செய்யவில்லை" என்ற வாக்கியத்துக்கு நான்கு பொருளாவது உண்டு. கணினிக்கு அட்டையே தெரியவில்லை என்பது ஒன்று. அட்டை தெரிந்தும் அக்கம்பக்கத்து வலையமைப்புகளைக் காணவில்லை என்பது இன்னொன்று. வலையமைப்பைக் கண்டும், கடவுச்சொல்லைக் கொடுத்தும் இணைய முடியவில்லை என்பது மற்றொன்று. எல்லாம் இணைந்தபின்னும் பக்கம் திறக்கவில்லை என்பது வேறொன்று. இந்த நான்காவதற்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் திறக்காது; அதற்குரிய எண் முகவரியைச் சொன்னால் விடை வரும். அப்படியாயின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவையிலே குறையே தவிர அட்டையிலன்று. இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. நான்கையும் ஒரே வாக்கியத்தாற் சொல்லிவிட்டு மருந்து கேட்பவனுக்குப் பிரமனும் மருந்து கொடுக்க முடியாது. நோய் இன்னதென்று சொல்லத் தெரியாமை கணினிக் குறையன்று, மொழிக்குறை. கட்டுரைப் பாடத்திலே நான் திருத்தியிருக்க வேண்டிய குறை.

அளவை நூலார் அறிவுக்கு வாயிலாகக் காண்டல், கருதல், உரை என மூன்றை முறைப்படுத்தினர். கண்டது முதலில், கண்டதைக்கொண்டு கருதுவது அடுத்து, கருதியும் எட்டாதவிடத்தே அறிந்தோர் உரை. நம் பையன்கள் கணினி முன்னே இருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி உரையிலே தொடங்குகிறார்கள். எவனோ சொன்னான் என்பதே முதற் பிரமாணம். காண்டலுக்கு முறை வருவதேயில்லை.

அன்று பின்னேரம் இருவரும் வாங்கிலே இருந்து காண்டலிலே தொடங்கினோம். கணினியின் உட்கருவிகளை வரிசையாகச் சொல்லும் கட்டளை ஒன்றுண்டு. எல்எஸ்பிசிஐ என்பது அதன் பெயர். அதை அடித்தவுடன் அட்டையின் பெயரும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும் வந்தன. (நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டா.) ஆகவே அட்டை செத்துப்போகவில்லை, கேட்டால் தன் பெயரைச் சொல்லும் நிலையிலே இருக்கிறது. அடுத்து, கணினி விழித்தெழுந்த நேரந்தொட்டுக் கருனி தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பேட்டைத் திறந்தோம். அதைத் திறக்கும் கட்டளை டிமெசேஜ். நூற்றுக்கணக்கான வரிகள். பையன் மலைத்தான். "ஒன்றுஞ் சொல்லவில்லை என்றாயே, எவ்வளவு சொல்லியிருக்கிறது பார்" என்றேன்.

எனக்கு மலைப்பு வரவில்லை. பொருள் முழுதும் விளங்காத ஏட்டை வரிவரியாகப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். அட்டையின் பெயர் வரும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தோம். ஏழு வரி தேறின. அவற்றுள் ஒன்று சிவப்பெழுத்திலே இருந்தது. "பேர்ம்வெயர்: பெயில்ட் டு லோட்" என்று தொடங்கி, ஒரு கோப்பின் நீண்ட பெயரைச் சொல்லி, பிறைக்கோட்டுக்குள்ளே −2 என்ற எண்ணோடு அது முடிந்தது.

நன்னூலார் கூறும் காண்டிகையுரையின் முறையை ஆசிரியர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கருத்தும் பதப்பொருளும் காட்டும், வேண்டுமிடத்து வினாவும் விடையுமாகச் சுருங்க அமைவது அது. அந்த ஒற்றை வரிக்கு அன்றிரவு நான் காண்டிகை எழுதினேன். அட்டைக்கு வேண்டிய நிலைப்பொருட் கோப்பு வட்டிலே இல்லை என்பது கருத்து. பேர்ம்வெயர் என்பது நிலைப்பொருள். பெயில்ட் டு லோட் என்பது ஏற்ற இயலவில்லை என்பது. பின்னர் வருவது தேடப்பட்ட கோப்பின் பெயர். −2 என்பது, யுனிக்ஸ் மரபிலே பிழைகளுக்கு இடப்பட்ட எண்களுள் இரண்டாவதாகிய "அப்பெயருடைய கோப்போ அடைவோ இல்லை" என்பது. கருனி தன் பிழையெண்களை எதிர்க்குறியோடு சொல்வது வழக்கமாதலின் கழித்தற்குறி வந்தது. அட்டை பழுதோ என்பது வினா. அன்று, பழுதாயின் தன் பெயரைச் சொல்லியிராது என்பது விடை. செலுத்தி இல்லையோ என்பது மற்றொரு வினா. செலுத்தியே அக்கோப்பைக் கேட்டது, இல்லாதது எவ்வாறு கேட்கும் என்பது விடை.

இவ்வளவுதான். கடைக்காரர் மாற்றச் சொன்ன அட்டையும் நல்லது. அகற்றச் சொன்ன லினக்ஸும் நல்லது. இடையிலே ஒரு கோப்பு இல்லை.

நிலைப்பொருள் என்பது யாது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வலையமைப்பு அட்டை வெறும் தகடன்று. அதற்குள்ளே சிறிய கணிப்பி ஒன்று உண்டு. அக்கணிப்பி நடப்பதற்கு அதற்கென ஒரு சிறு செய்நிரல் வேண்டும். முற்காலத்து அட்டைகள் பல அச்செய்நிரலைத் தம்முள்ளேயே நிலையாகக் கொண்டிருந்தன. நிலைப்பொருள் என்ற பெயர் அக்காலத்துக்குப் பொருந்தியது. இப்போது செலவைக் குறைப்பதற்காக அட்டையை வெறுமையாகச் செய்து விற்கிறார்கள். கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் செலுத்தி என்னும் மென்பொருள் வட்டிலிருந்து அச்செய்நிரலை எடுத்து அட்டைக்கு ஊட்டவேண்டும். ஊட்டவில்லையேல் அட்டை பெயர் சொல்லும், வேலை செய்யாது. இந்தக் கோப்பை நிறுவனத்தார் எண்வடிவிலே மட்டும் கொடுப்பர். அதன் மூலநிரலைக் காட்டார். பிறர் படிக்கவோ திருத்தவோ வழியில்லை.

ஆகவே அது லினக்ஸின் கொள்கைக்குப் புறம்பானது. இந்தக் கொள்கையின் வரலாறு பலருக்குத் தெரிந்ததே. அமெரிக்காவிலே எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திலிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஓர் அச்சுப்பொறியின் மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்டதால் மனம்நொந்து, 1983இல் குனூ முயற்சியை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே இதன் சட்டம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அதற்கு அவர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை உடனே விளங்கும். ஏட்டை வைத்திருந்தவருட் சிலர் தாமும் படியார், பிறர்க்கும் காட்டார். கட்டவிழாத ஏட்டைச் செல்லரித்தது.

ஏடு காட்டாதார் இக்காலத்திலும் உளர். அவர்களை வென்றவர்களும் உளர். பிராட்கொம் என்னும் நிறுவனத்தின் கம்பியில்லா அட்டைகள் ஒரு காலத்தில் எங்கும் பரந்திருந்தன. ஆனால் லினக்ஸுக்குச் செலுத்தி எழுத வேண்டிய விவரங்களை நிறுவனத்தார் வெளியிடவில்லை. தன்னார்வலர் இரு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழு அட்டையும் நிறுவனத்தின் செலுத்தியும் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்து, கண்டதை விவரமாக எழுதியது. மற்றக் குழு மூலத்தைத் தொடாமல், அந்த விவரத்தை மட்டுமே படித்துப் புதிய செலுத்தியை ஆக்கியது. பிறருடைய நிரலைத் திருடினார் என்ற பழி வாராமைக்கே இந்தப் பிரிவு. 2006ஆம் ஆண்டில் அச்செலுத்தி லினக்ஸ் கருனியிலே சேர்ந்தது. 2010இல் நிறுவனமே தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த செலுத்தியை வெளியிட்டது. குண்டலகேசியும் வளையாபதியும் மறைந்தபின், உரைகாரர் காட்டிய மேற்கோள்களாலும் புறத்திரட்டு முதலிய தொகைகளாலும் சில பாடல்களையாவது பெற்றவர் நாம். உரையிலிருந்து மூலத்தை மீட்கலாம் என்பது தமிழனுக்குப் புதுமையன்று. ஆனால் உரையிலிருந்தே முழு மூலத்தையும் புதிதாக ஆக்கிவிட்டார்களே, அதுதான் என்னை வியக்கவைத்தது. (எங்கள் அட்டை பிராட்கொம் அட்டையன்று. அந்த வரலாற்றை ஆசைப்பட்டுச் சொன்னேன்.)

எங்கள் கதைக்கு வருகிறேன். டெபியன் அமைப்பார் நெடுங்காலம் இத்தகைய மூடிய கோப்புகளைத் தம் நிறுவல் வட்டிலே சேர்க்க மறுத்து வந்தார்கள். கொள்கை தூய்மையானது, விளைவு வங்காலைப் பையனுக்கு இணையம் இல்லை. 2022இல் அவர்கள் தமக்குள்ளே வாக்கெடுத்து, நிலைப்பொருட் கோப்புகளை நிறுவல் வட்டிலே சேர்க்க இசைந்தார்கள். 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அவை சேர்ந்தே வருகின்றன. எங்கள் கணினியிலிருந்தது அதற்கு முந்திய பதிப்பு. கட்டற்ற மென்பொருள் அன்பர்களுட் சிலர் இந்த இசைவைக் கொள்கைக் கேடு என்பர். நான் அப்படிக் கருதவில்லை. சேர்த்ததோடு, அவற்றுக்கெனத் தனிப் பிரிவொன்றையும் வகுத்து, இது நம்முடைய சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று பெயராலேயே சொல்லிவைத்தார்கள். தொல்காப்பியர் வடசொல்லைப் புறந்தள்ளவுமில்லை, இயற்சொல்லோடு கலந்து மறைக்கவுமில்லை. செய்யுட்குரிய சொல் நான்கென்று, இயற்சொல், திரிசொல், திசைச்சொல்லோடு அதற்கும் ஓரிடம் வகுத்துப் பெயரிட்டு வைத்தார். டெபியனின் களஞ்சியப் பிரிவுகளும் இப்போது நான்கே. பொருத்தம் எண்ணளவில் நிற்பது. ஆயினும் வகுத்து ஏற்றல் என்னும் முறை ஒன்றே.

கோப்பு இன்னதென்று தெரிந்தது. எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்தது. அது கிடைக்குமிடமோ இணையம். பெட்டியின் திறப்பு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பையனே வழி கண்டான். கைப்பேசியை மின்னேற்றும் வடத்தாலே கணினியோடு பொருத்தி, அதன் இணையத்தைக் கணினிக்கு ஈயும்படி செய்தான். கணினி கைப்பேசியைக் கம்பிவழி வலையமைப்பாக ஏற்றுக்கொண்டது. களஞ்சியத்தின் மூடிய பிரிவைத் திறந்து, உரிய பொதியை இறக்கி நிறுவி, கணினியை அணைத்து எழுப்பினோம். குறிப்பேட்டிலே சிவப்பு வரி இல்லை.

இணையமும் இல்லை.

பையனின் முகம் வாடிற்று. "கடைக்காரர் சொன்னது சரிதான் போல" என்றான். இந்த இடத்திலேதான் பலர் கைவிடுகிறார்கள். ஒரு நோய்க்குக் கீழே மற்றொரு நோய் இருக்கலாம் என்பதை எண்ணாமல், முதல் மருந்தே தவறு என்று முடிவுகட்டுகிறார்கள். மறுபடியும் காண்டலுக்குப் போனோம். அலைபரப்பைத் தடுப்பது ஏதேனும் உளதோ என்று கேட்கும் கட்டளை ஆர்எப்கில். அது இரண்டு வரி சொன்னது: மென்தடை இல்லை, வன்தடை உண்டு. மென்பொருளால் வந்த தடை மென்தடை. வன்தடையை எந்தக் கட்டளையாலும் நீக்க இயலாது, கையாலே நீக்கவேண்டும். கணினியின் முன்விளிம்பிலே நகத்தளவான ஆளி ஒன்று இருந்தது. வெயில் ஏறியதென்று வாங்கிலிருந்து கணினியைத் தூக்கி நிழலுக்கு நகர்த்தியவன் நான். என் பெருவிரல் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. பையன் ஒன்றுஞ் சொல்லாமல் அதைத் திரும்பத் தள்ளினான். பாடசாலையின் வலையமைப்பு முதலாக ஐந்து பெயர்கள் வந்து நின்றன. அவன் சிரிப்பை அடக்கிய அடக்கத்தை நான் என்றும் மறவேன்.

பின்னொரு நாள் கரையிலே அவன் தந்தையாரைக் கண்டு நடந்ததைச் சொன்னேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "கண்ணுக்குக் கண் பாராமல் வலை பொத்தேலுமோ மாஸ்டர்?" என்றார். விற்கும் பேச்சு நின்றுபோயிற்று.

இனி என் நண்பர்கள் சொல்லும் மறுப்புகளுக்கு வருகிறேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையின் இரண்டு பின்னேரங்கள் வீணாயின, விண்டோஸ் போட்டிருந்தால் அரைமணியில் முடிந்திருக்கும் என்றார் ஒருவர். ஓரளவு உண்மை. அட்டை செய்வோர் வாங்குவோர் மிகுந்த முறைமைக்கே முதலிற் செலுத்தி எழுதுகிறார்கள். ஆகவே அங்கே இத்தகைய இடர் குறைவு. (விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் வலையட்டைச் செலுத்தி இல்லாமல் இடர்ப்படுவோர் உண்டென்பது வேறு.) லினக்ஸிலே குறையில்லை என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் விலை கொடாத படியைப் பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு, மறுநாள் வகுப்பிலே கள்ளாமை படிப்பிக்க என்னால் இயலாது. இரண்டு பின்னேரம் வீணாயின என்பதையும் ஒப்பமாட்டேன். அவன் அவ்விரண்டு பொழுதிலே கற்ற வாசிப்பை நான் இரண்டு தவணையிலே கற்பித்ததில்லை.

மற்றொரு நண்பர், தமிழ்ப்பற்று மிக்கவர், வேறு விதமாகச் சொன்னார். பிழைச்செய்திகள் ஆங்கிலத்திலே இருப்பதுதான் நோய். எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டால் தீரும் என்றார். நான் இதற்கு உடன்படுவேன் என்று எதிர்பார்த்தார். உடன்படவில்லை. பண்டிதன் தமிழ்ப் பகைவனாகிவிட்டான் என்று அவர் இப்போது சொல்லித்திரிகிறாராம். என் காரணத்தைச் சொல்கிறேன்.

பட்டியல்கள், சாளரங்கள், உதவிக்குறிப்புகள் எல்லாம் தமிழில் வரவேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டே தன்னார்வலர் பலர் அவற்றைத் தமிழாக்கி வருகிறார்கள், அப்பணி வளரவேண்டும். பிழைச்செய்தி வேறு வகையானது. லினக்ஸ் கருனி தன் குறிப்பேட்டை ஆங்கிலத்திலே மட்டும் எழுதுவது சோம்பலால் அன்று. அந்த வரி எழுத்துக்கு எழுத்து மாறாமல் இருப்பதனாலேதான், பிரேசிலிலோ போலந்திலோ ஒருவன் அதே வரியைக் கண்டு தீர்த்த தீர்வை வங்காலைப் பையன் தேடி அடைய முடிகிறது. அதைத் தமிழாக்கினால் தேட முடியாது. ஒருவர் "ஏற்ற இயலவில்லை" என்பார், மற்றவர் "பதிவேற்றம் தோல்வி" என்பார், பாடபேதம் பெருகும். செய்திகளைப் பெயர்த்துத் தரும் பிற செய்நிரல்களிலும், தேர்ந்தவர்கள் பிழை வந்தவுடன் மொழியமைப்பை மூலத்துக்கு மாற்றித்தான் வரியைப் படியெடுக்கிறார்கள். மூலத்தைப் பேணி வைத்து, அதற்கு நம் மொழியில் உரை எழுதுவதே நம் முன்னோர் கண்ட வழி. பரிமேலழகர் குறளைத் தம் காலத்துத் தமிழாக மாற்றி எழுதிவிட்டு மூலத்தை எறிந்தாரல்லர்.

நமக்கு இல்லாதது அந்த உரை. ஆங்கிலத்திலே ஒரு பிழைவரிக்கு நூறு பேர் விளக்கம் எழுதியிருக்கிறார்கள்; அவற்றுள் எண்பது பொருந்தாதவை; எது பொருந்தும் என்று தெரிய ஆங்கிலமும் வேண்டும், அறிவும் வேண்டும். தமிழிலே ஒருவரும் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டிலே கணியம் இதழ் 2012ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. நம் நாட்டிலும் ஆற்றல் இல்லாமல் இல்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை நிரலாளர்கள் ஆக்கிய சகானா என்னும் பேரிடர் முகாமை மென்பொருளைப் பிறநாட்டாரும் எடுத்தாண்டார்கள். நாமெல்லாரும் பழைய நூல் தேடிப் போகும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005இலிருந்து நடப்பதும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மேலேதான். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதி வெளியிட்டபோது, தமிழறிஞரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் இருந்தார்கள். இப்போது அந்த மேசை இல்லை. கணினி அறையிலே தமிழாசிரியனுக்கு இருக்கை கிடையாது, அவனும் கேட்பதில்லை.

நான் கேட்டுப் பெற்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கணினி அறையிலே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இடப்பக்கத்திலே பிழைவரி, மூலத்தில் உள்ளவாறு, எழுத்துப் பிசகாமல், பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடும் காத்து எழுதப்படும். எந்தக் கணினி, எந்த அட்டை, எந்தப் பதிப்பு என்பன அதன் கீழே. வலப்பக்கத்திலே காண்டிகை. செய்து பார்த்துப் பயன்படாத பரிகாரங்களையும் எழுதவேண்டும் என்பது பையன் சேர்த்த விதி. தன் பழைய கொப்பியை எண்ணிச் சேர்த்தான் போலும். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை பொருள் பிழைகளைத் திருத்துகிறார். நான் மொழிப் பிழைகளைத் திருத்துகிறேன். சில நாட்களில் இது மாறியும் நடக்கிறது.

இதுவரை பதினான்கு வரிகளுக்கு உரை முடிந்திருக்கிறது. ஒன்பது வலையமைப்பைப் பற்றியவை. மூன்று அச்சுப்பொறியைப் பற்றியவை. எஞ்சிய இரண்டும் ஒலியைப் பற்றியவை. அவ்விரண்டில் ஒன்றற்கு நான் எழுதிய பதப்பொருள் தவறென்று பையன் சென்ற வாரம் நிறுவினான். செலுத்தி என்று எழுதுவதா, இயக்கி என்று எழுதுவதா என்பதிலே எனக்கும் ஆசிரியைக்கும் இன்னும் இணக்கம் வரவில்லை. நம் பாடநூல் வழக்கு செலுத்தி. தமிழ்நாட்டார் வழக்கு இயக்கி. இரண்டையும் எழுதி, இடையிலே ஒரு சாய்கோடு இட்டு வைத்திருக்கிறோம்.